மழை நின்ற கோட்டுக்கு அந்தப் பக்கம்... ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைக்கு ஒரு ரோட் டிரிப் போலாமா?

ஆஸ்திரேலியா டூர்னு சொன்னதும் சிட்னி ஓபரா ஹவுஸ், மெல்போர்ன் காபி, கோல்ட் கோஸ்ட் பீச்... இதுதானே உங்க லிஸ்ட்ல இருக்கும்? அதுல அடிலெய்டையும் சேர்த்துக்கோங்க. அங்கிருந்து காரை வடக்கே திருப்பி ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா ஓட்டினா, வேற ஒரு ஆஸ்திரேலியா வரும். செம்மண், காய்ந்த ஓடைகள், கூரை இல்லாத கல் வீடுகள், நடுவே ஊதா நிற மலைத்தொடர். அதுதான் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர். ஆஸ்திரேலியர்கள் 'அவுட்பேக்'னு சொல்ற வறண்ட உள்நாட்டுக்கு இது தலைவாசல் மாதிரி.

இங்கே போறதுக்கு முன்னாடி ஒரு மனிதரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். அவர் கதை தெரிஞ்சா, வழியில பார்க்கிற ஒவ்வொரு இடிந்த சுவருக்கும் அர்த்தம் புரியும்.

குதிரையில் போய்ப் போட்ட கோடு

1860-களின் நடுவில் தெற்கு ஆஸ்திரேலியாவில் கடும் பஞ்சம். 'மழையை நம்பி எதுவரைக்கும் விவசாயம் பண்ணலாம்?' என்ற கேள்வி வந்தது. அரசின் தலைமை நில அளவையாளரான ஜார்ஜ் கோய்டர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குதிரையில் சுற்றினார். எங்கே செடிகொடிகள் மாறி, வறட்சியைத் தாங்கும் உப்புப் புதர்கள் தொடங்குதுன்னு கவனிச்சார். 1865-ல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே கோதுமை விதைக்கலாம். வடக்கே வேண்டாம், ஆடு மாடு மேய்ப்பதோடு நிறுத்திக்கோங்க என்பதுதான் அதன் பொருள். அந்தக் கோடு ஏறக்குறைய வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்யும் எல்லையை ஒட்டிப் போகுது. உங்க ஸ்கூல் ஸ்கேல் நீளம்கூட வராது!

ஆனா, அடுத்த சில வருஷங்கள் நல்ல மழை. கோய்டரைக் கிண்டல் செய்தார்கள். 'ஏர் போகும் இடத்துக்கு மழையும் பின்னாடியே வரும்' என்ற நம்பிக்கை பரவியது. 1874-ல் அரசும் கட்டுப்பாட்டை நீக்கியது. குடும்பம் குடும்பமாக வடக்கே போய் வீடு கட்டினார்கள், உழுதார்கள். 1880-களில் வறட்சி திரும்பி வந்தது. பலர் எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப் போன சுவர்கள்தான் இன்னைக்கு நீங்க போட்டோ எடுக்கப்போற பாரம்பரியச் சின்னங்கள்.

குவோர்னில் தொடங்குங்க

முதல் நிறுத்தம் குவோர்ன் என்ற சின்ன ரயில்வே ஊர். இதற்கு வரும்போதே கோய்டர் கோட்டைத் தாண்டியிருப்பீங்க. 1879-ல் இங்கே வந்த பழைய ரயில் பாதையில், இப்பவும் சீசனில் நீராவி இன்ஜின் ஓடுது. பெயர் பிச்சி ரிச்சி ரயில். முன்பதிவு செய்துட்டுப் போங்க.

அங்கிருந்து ஹாக்கர் போற வழியில கன்யாகா. 1850-களில் தொடங்கிய பெரிய கால்நடைப் பண்ணையின் இடிபாடுகள் இங்கே இருக்கு. இதைத் தொடங்கிய ஹ்யூ ப்ரோபி என்ற இளைஞர் எப்படி இறந்தார் தெரியுமா? தண்ணீரில்லாமல் அல்ல, தண்ணீரில்! 1852-ல் வில்லோக்ரா ஓடையைக் குதிரையில் கடக்கும்போது திடீர் வெள்ளம் அடித்துப் போய்விட்டது. இந்த ஊர்ல மழை வராதுன்னு நினைக்கிறது எவ்வளவு ஆபத்தோ, வந்தா மெதுவாத்தான் வரும்னு நினைக்கிறதும் அவ்வளவு ஆபத்து.

இகாரா: மலையே ஒரு கிண்ணம்

அடுத்தது பயணத்தின் ஹைலைட். மலைகள் வட்டமாகக் கைகோத்து நிற்கிற மாதிரி ஓர் இயற்கைக் கிண்ணம். ஆங்கிலத்தில் வில்பீனா பவுண்ட். இந்த மண்ணின் மக்களான அட்ன்யமத்தன்ஹா இனத்தவர் இதை 'இகாரா' என்கிறார்கள், கூடும் இடம் என்று பொருள். 2016-ல் தேசியப் பூங்காவின் பெயரிலும் இகாரா சேர்ந்தது. இரண்டு பெரிய பாம்புகளின் உடல்தான் இந்த மலைச் சுவர்கள் என்பது அவர்களின் கதை.

இங்கே உயரமான சிகரம் செயின்ட் மேரி பீக், 1,171 மீட்டர். இது தங்களுக்குப் புனிதமான இடம், உச்சிக்கு ஏற வேண்டாம்னு அட்ன்யமத்தன்ஹா மக்கள் கேட்டுக்கிறாங்க. உச்சிக்குக் கீழே இருக்கும் டாண்டெரா சேடில் வரை போய்ட்டுத் திரும்பலாம். ஒரு செல்ஃபிக்காக அதை மீற வேண்டாமே!

கிண்ணத்துக்குள்ளே ஹில் குடும்பத்தின் பழைய வீடு இருக்கு. அவர்களும் உள்ளே பயிர் செய்து பார்த்தவர்கள்தான். 1914-ல் வந்த வெள்ளம் அவர்கள் பாடுபட்டுப் போட்ட பாதையை அடித்துச் செல்ல, விட்டுட்டுப் போனார்கள். இந்த வீட்டைப் பார்த்துட்டு, மேலே வங்காரா வியூ பாயின்ட் வரை நடங்க. மொத்தக் கிண்ணமும் கண்ணுக்குள் வரும்.

உலகின் பழைய 'ஃபேமிலி ஆல்பம்'

1946-ல் ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர், இதே மலைத்தொடரின் மேற்கே எடியகாரா குன்றுகளில் பாறையில் பதிந்த விசித்திர உருவங்களைப் பார்த்தார். ஜெல்லி மீன் மாதிரி, கோடு போட்ட வட்டம் மாதிரி. அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று அவை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிர்கள் என்று தெரியும். டைனோசர்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா காலம்! 2004-ல் அந்தப் பூமிக்காலத்துக்கே எடியகாரன் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் புதைபடிவங்களை நேரில் பார்க்க நில்பீனா எடியகாரா தேசியப் பூங்காவுக்குப் போகலாம். வழிகாட்டியோடுதான் அனுமதி, முன்கூட்டியே புக் செய்யணும். வழியில ப்ரச்சினா பள்ளத்தாக்கில் நிதானமா ஓட்டினா, மஞ்சள் கால் பாறை வாலபி கண்ணில் படலாம். கங்காருவின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும்.

மாவு ஊர்

இன்னும் வடக்கே, லிண்ட்ஹர்ஸ்டைத் தாண்டினால் ஃபரீனா. கோதுமை கொழிக்கும்னு நம்பி, 1878-ல் லத்தீனில் 'மாவு' என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார்கள். கோதுமை விளையவே இல்லை. ஊரும் காலியானது. இப்போ தன்னார்வலர்கள் சுவர்களைப் பழுதுபார்க்கிறாங்க. குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டும், அந்தக் காலத்து நிலத்தடி அடுப்பில் ரொட்டி சுட்டு விற்கிறாங்க. விளையாத ஊர்ல சுடச்சுட ரொட்டி சாப்பிடும்போது, கோய்டர் நிச்சயம் ஞாபகத்துக்கு வருவார்.

போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

* ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல நேரம். கோடையான டிசம்பர் - பிப்ரவரியில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமா தாண்டும். ஜூலை இரவுகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.
* ஊரைத் தாண்டினா சிக்னல் போயிடும். ஆஃப்லைன் மேப் டவுன்லோடு பண்ணிக்கோங்க. எங்கே போறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு தங்குமிடத்துல சொல்லிட்டுப் போங்க.
* கார்ல கூடுதல் குடிதண்ணீர் எப்பவும் இருக்கணும். பெட்ரோல் பங்க் பார்த்தா ஃபுல் டேங்க். அடுத்தது எங்கேன்னு தேடிக்கிட்டிருக்காதீங்க.
* வாடகைக் காருக்கு மண் சாலையில இன்ஷூரன்ஸ் உண்டான்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.
* பொழுது சாயும் நேரத்தில் ஓட்டாதீங்க. கங்காரு, எமு குறுக்கே பாயும்.
* மழை பெய்தா சாலைகளை மூடுவாங்க. மூடின சாலையில போனா அபராதம். ஓடையில தண்ணீர் ஓடினா, எவ்வளவு சின்னதா தெரிஞ்சாலும் இறங்காதீங்க. ப்ரோபியை நினைச்சுக்கோங்க.
* கார் நின்னுட்டா, உதவி தேடி நடந்து போகாதீங்க. காரோடவே இருங்க. மேலிருந்து தேடுறவங்களுக்கு மனுஷனைவிட கார்தான் சீக்கிரம் கண்ணில் படும்.

அங்கே உழப் போனவங்க நல்ல வருஷத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டாங்க. நீங்க மோசமான நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டுக் கிளம்புங்க. அப்புறம் இந்தப் பயணம் உங்களுக்கு மறக்காது.