மலைக்கு அழைத்துச் செல்பவரின் அமானிதம்



தேர்வு முடிந்தாலும் பெருநாள் வந்தாலும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது சிறுமலையைத்தான். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து வரட்டும் என்று பெற்றோரும் அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அனுப்பும் முன் நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் யார்? அவருக்கு என்ன தெரியும்?

2018 மார்ச் 11-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள்; பெண்கள் பலர். கோடை தொடங்கிய நேரம், ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல், காற்று. தீ வந்தபோது ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினார்கள். அதன் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக நியமித்தது. வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்பதே இதன் சாரம்.

நமக்கு இது புதிய பாடம் அல்ல. மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாக அபூதாவூதில் வருகிறது. ஹஜ், உம்ராவுக்கு அமீர் இல்லாமல் நாம் நகர்வதில்லை. சிறுமலைக்கு மட்டும் பத்துப் பதினைந்து பேர் பைக்கில் அமீர் இல்லாமல் கிளம்பிவிடுகிறோம். அமீர் என்றால் முன்னால் நடப்பவர் என்று பொருள் அல்ல. போன அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் அமானிதத்தைச் சுமப்பவர். அதற்குக் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு.

புறப்படும் முன்

சிறுமலைச் சாலையும் ஊர்களும் எல்லோருக்கும் பொது. சாலையை விட்டு இறங்கினால் அப்படி அல்ல. ஒரு பக்கம் காப்புக்காடு. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். மறுபக்கம் வாழை, காப்பி, எலுமிச்சைத் தோட்டங்கள். அவை தனியார் உடைமை. உரியவர் அனுமதியின்றி ஓர் எலுமிச்சையைப் பறிப்பதும் நமக்கு ஆகுமானதல்ல. அனுமதி கிடைக்காத நாளில் சாலையோரமும் ஏரிப் பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினால் குறை ஒன்றுமில்லை.

காலமும் முக்கியம். பிப்ரவரியிலிருந்து மே வரை காடு காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பின் டிசம்பர், ஜனவரி மாதங்களே ஏற்றவை. முழுப் பரீட்சை விடுமுறையும் தீக்காலமும் ஒன்றாக வருவதால், அந்த விடுமுறையில் காட்டுக்குள் நடை வேண்டாம்.

நேரத்தைக் கணக்கிட எளிய முறை ஒன்று உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் என்பவர் வகுத்தது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு ஒரு மணி 42 நிமிடம் வரும். இது பழகிய கால்களுக்கு. சிறுவரும் பெரியவரும் கலந்த நம் குழுவுக்கு இரட்டிப்பாக, மூன்றரை மணி நேரம் வையுங்கள். திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் வந்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். மலையில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது.

நடக்கும்போது

நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வந்து, பலவீனமானவர்களை ஊக்கி அழைத்து வருவார்கள் என்று அறிகிறோம். மலைநடைக்கு இதைவிடச் சிறந்த வழிமுறை இல்லை. பாதை தெரிந்தவர் முன்னால். பொறுப்பான ஒருவர் கடைசியில். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. வேகத்தை மிக மெதுவாக நடப்பவரே தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணிப் பாருங்கள். தலைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ஒளூவுக்குத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து சிறுமலை கஸ்ரு செய்யும் தூரம் அல்ல. ளுஹரை முழுமையாகத் தொழ இடமும் நேரமும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

அத்தர் பூசிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டாம். கடும் வாசனை மலைத்தேனீக்களைச் சீண்டும். காட்டுமாடு எதிர்ப்பட்டால் படம் எடுக்க நெருங்காமல், சத்தமின்றிப் பின்வாங்கி வழிவிடுங்கள்.

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள். அல்லது நேரே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவே நேரமாகும் என்பதால் மந்திரம், பச்சிலை என்று தாமதிக்க இடமில்லை.

புகை தெரிந்தால் உடனே திரும்புங்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். எனவே தீக்கு மேலே ஓடுவதும் பள்ள ஓடையில் ஒளிவதும் ஆபத்து. வெறும் பாறையோ, ஏற்கெனவே எரிந்து அணைந்த தரையோ உள்ள பக்கம், குழு பிரியாமல் ஒதுங்க வேண்டும்.

விட்டு வரக் கூடாதவை

காட்டில் அடுப்பு மூட்டிப் பிரியாணி போடும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். வீட்டில் சமைத்துத் தூக்குச் சட்டியில் கொண்டுபோகலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது; மஞ்சப்பை போதும். எலும்பும் மிச்சச் சோறும் உட்பட, கொண்டுபோனது அனைத்தும் திரும்பி வர வேண்டும். குரங்குக்கு உணவு கொடுப்பது தர்மம் என்று நினைக்காதீர்கள். பழகிய குரங்கு நாளை ஊர்ப் பிள்ளையின் கையில் இருப்பதைப் பறிக்கும். நடைபாதையிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பதை மார்க்கம் கடுமையாகத் தடுத்திருக்கிறது. நீரோடையை விட்டும் விலகியே செல்லுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஸதகா. பிறர் போட்ட கண்ணாடித் துண்டைப் பொறுக்கி வருவதும் அதில் சேரும்.

இனி அறக்கட்டளையின் பெயரில் மாணவர்களை அழைத்துச் செல்லும் எந்தக் குழுவிலும், முதலுதவி கற்ற இரண்டு பெரியவர்கள், வனத்துறை அனுமதி, பெற்றோரின் எழுத்து ஒப்புதல், பெயர்ப்பட்டியல் ஆகிய நான்கும் இருந்தால்தான் வண்டி புறப்படும். தாங்களாகவே செல்லும் இளைஞர்களிடமும் பெற்றோர் இதையே கேளுங்கள்: உங்கள் அமீர் யார்? கடைசியில் நடப்பவர் யார்? பதில் இல்லையென்றால் அந்த வாரம் போக வேண்டாம்.

மலை அங்கேதான் இருக்கும். போனவர்கள் அனைவரும் நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

செயலாளர்