வயிற்றுப்போக்குக்குத் தைலம் மருந்தல்ல

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார நெருக்கடி நிலையையே அறிவித்தது; பள்ளிகளை மூடினார்கள். அங்குள்ள காரைக்கால்மேடு மக்களுக்கு அது அடுத்த ஊர்ச் செய்தி அல்ல. இருந்தும் வயிற்றால் போகத் தொடங்கினால், பல வீடுகளில் கை முதலில் போவது தைலப் புட்டிக்குத்தான்.

புதினா எண்ணெய்க்குக் குடல் பிடிப்பைத் தளர்த்தும் குணம் உண்டு. ஆனால் ஆய்வுகள் பலன் கண்டது, குடலில் போய்க் கரையும்படி உறையிட்ட மாத்திரையில். அதுவும் நாள்பட்ட குடல் எரிச்சல் நோய்க்கு. கடையில் வாங்கும் புட்டி எண்ணெய் வேறு. நீலகிரித் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். கற்பூரம் கலந்த தைலமும் அப்படித்தான். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது நீரும் உப்பும் வற்றுவதுதான். காலராவில் அரிசி களைந்த தண்ணீர்போல் போகும். சில மணி நேரத்தில் ஆள் துவண்டுவிடுவார். இழந்ததை ஈடுகட்ட முதலில் கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல். பொட்டலத்தின் பின்புறம் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும்: பெரியதற்கு 1 லிட்டர், சிறியதற்கு 200 மில்லி. காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள்; 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் தர வேண்டும்.

கண் குழிவது, சிறுநீர் வராதது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் எழாத சோர்வு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அரசு பொது மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் உரிமைகளையும் கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி இல்லாத பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைப் போடக் கூடாதென 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது சூத்திரத்தைப் பாருங்கள். தைலத்தை மருந்தென்று விற்றால் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். ரசீது வாங்கி வையுங்கள். ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

குழாய்த் தண்ணீர் நாறினாலோ கலங்கினாலோ, பொதுப்பணித் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீர்ப் பரிசோதனை முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். தெருக்காரர்கள் சேர்ந்து கேளுங்கள். நல்ல தண்ணீர் வந்துவிட்டால் பாதி நோய் வாசலுக்கே வராது.