மின்தூக்கிப் பொத்தானை அழுத்தப்போவது யார்?

காலை ஏழரை மணி. பன்னிரண்டாவது மாடியில் மின்தூக்கி வந்து நிற்கிறது. அவசரத்தில் தாத்தா பொத்தானை அழுத்திவிடுகிறார். அவ்வளவுதான். "நான்! நான்!" என்று அலறியபடி இரண்டு வயதுப் பேரன் தரையில் உருளுகிறான். உள்ளே நிற்கும் அண்டைவீட்டார் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்ற பேச்சு மாலைக்குள் தாயின் காதுக்கு வந்துவிடும்.

அந்தப் பேச்சு புதிதன்று. 1950களில் மருத்துவர்கள் பலரும் அதையேதான் சொன்னார்கள். பிள்ளை அடங்காவிட்டால் வளர்ப்பில், குறிப்பாகத் தாயிடம், குறை தேடுவது அன்றைய வழக்கம். நியூயார்க்கின் மனநல மருத்துவத் தம்பதியர் அலெக்சாண்டர் தாமசும் ஸ்டெல்லா செஸ்ஸும் அதை ஏற்கவில்லை. ஒரே பெற்றோரிடம் வளரும் பிள்ளைகள்கூட கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லையே என்பது அவர்களின் கேள்வி. 1956ல் தொடங்கிய அவர்களின் ஆய்வு, 133 குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது.

உடல் துடிப்பு, பசி தூக்கத்தின் ஒழுங்கு, புதியதை ஏற்கும் விதம், மாற்றத்துக்குப் பழகும் வேகம், உணர்ச்சியின் தீவிரம், விடாப்பிடி என ஒன்பது இயல்புகளை அவர்கள் அளந்தனர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எதற்கும் எளிதில் பழகினர். 10 விழுக்காட்டினர் எல்லாவற்றுக்கும் உரத்து எதிர்வினை காட்டினர். அந்தப் பத்து விழுக்காட்டினரைக் 'கடினமான குழந்தைகள்' என்று ஆய்வு அழைத்தது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மேரி ஷீடி குர்சிங்காவுக்கும் பிடிக்கவில்லை போலும். 1991ல் வெளிவந்த தமது நூலில் அவர் இத்தகையோரைத் 'துடிப்பான குழந்தைகள்' என்றே குறிப்பிட்டார்.

நம் ஊர்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. தாமசும் செஸ்ஸும் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் வட்டாரத்தில் வசித்த புவெர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களையும் ஆராய்ந்தனர். சிக்கல் என்று அவர்களிடம் வந்த அந்தச் சிறுவர்களில் பலருக்கு, அடக்க முடியாத ஓட்டமும் ஆட்டமுமே புகார். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்தப் புகார் அநேகமாக எழவே இல்லை. வீடு சிறியது, தெரு ஆபத்தானது என்று ஹார்லெம் பெற்றோர் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருந்தனர். ஓடத் துடிக்கும் கால்களுக்கு ஓட இடமில்லை.

தூக்கத்தில் நிலைமை தலைகீழ். குறித்த நேரத்தில் படுக்க வேண்டும் என்று இந்தக் குடும்பங்கள் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் ஒழுங்கற்ற தூக்கம் அங்கே ஒரு குறையாகவே தெரியவில்லை. பள்ளி தொடங்கியதும்தான் தெரிந்தது. இயல்பு மாறவில்லை, சூழல் கேட்டதுதான் மாறியது. இதைத் தாமசும் செஸ்ஸும் 'பொருத்தம்' என்றனர்.

மூவறை வீட்டில், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரோ என்ற அச்சத்தில், "ஓடாதே" என்று நாளெல்லாம் சொல்பவர்களுக்கு ஹார்லெம் தொலைவில் இல்லை. ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளுக்கு மொத்தம் 180 நிமிட உடல் அசைவு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. அதாவது மூன்று மணி நேரம்! வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது எளிதன்று. பராமரிப்பு நிலையத்தில் ஆடும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. மீதிக்குப் புளோக்கின் கீழ்த்தளமும் விளையாட்டு மைதானமும் இருக்கின்றன.

சரி, உருண்டு அழும் அந்த நேரத்தில் என்ன செய்வது? மைக்கேல் போட்டேகல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குழந்தைகளின் உடையில் சிறு ஒலிவாங்கியைத் தைத்து, வீட்டில் அவர்கள் அடம்பிடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்தனர். 2011ல் வெளியான அந்த ஆய்வில், அலறலும் கூச்சலும் கோபத்தின் ஒலிகளாகவும், அழுகையும் சிணுங்கலும் துயரத்தின் ஒலிகளாகவும் பிரிந்தன. முதலில் கோபம், பிறகு துயரம் என்று அவை வரிசையில் வருவதில்லை, இரண்டும் கலந்தே வருகின்றன. கோபம் சட்டென உச்சிக்கு ஏறி இறங்கிவிடுகிறது. அடம்பிடிப்பில் பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் அடங்குவதாக 2003ல் வெளியான அவரது முந்தைய ஆய்வு காட்டியது. மின்தூக்கிக்குள் அந்த ஐந்து நிமிடம் ஒரு யுகம்தான்!

கோபம் கொதிக்கும்போது "என்ன வேணும்? ஏன் அழறே?" என்று கேள்விமேல் கேள்வி கேட்பதால் பயனில்லை. தன்னை அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளை முழுமையாக முதிர இருபது வயதுக்குமேல் ஆகும். இரண்டு வயதில் அது தொடக்கநிலையில்தான் இருக்கிறது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பேசாமல் அருகில் நிற்கலாம். அலறல் ஓய்ந்து விசும்பல் மிஞ்சும்போது தூக்கிக்கொள்ளலாம். அடிக்கடி தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, கற்ற சொற்களை இழந்தாலோ பலதுறை மருந்தகத்தில் காட்டுவதில் தாமதம் வேண்டாம்.

மாற்றத்துக்கு மெதுவாகப் பழகும் பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்வது உதவும். "இறங்கும்போது நீ அழுத்து, ஏறும்போது தாத்தா" என்று செருப்பு மாட்டும்போதே சொல்லிவிடலாம். பேரன் அதை மறக்கமாட்டான். தாத்தாவுக்குத்தான் இன்னொரு முறை நினைவூட்ட வேண்டியிருக்கும்.