அம்புக்கு இறகு ஒட்டப்போறீங்களா? பசையைத் தேடுறதுக்கு முன்னாடி தண்டைத் தடவிப் பாருங்க!

"அக்கா, பசை ஏமாத்திடுச்சு!"

ஞாயிற்றுக்கிழமை மதியம், இடது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரியோடு வந்து நின்றான் மாமா பையன். காலேஜ் முதல் வருஷம். ஆறு மாசமா வில்வித்தை வகுப்புக்குப் போகிறான். கடையில் கிடைக்கிற கார்பன் அம்பெல்லாம் அவனுக்கு போர். மர வில், மூங்கில் அம்பு, வான்கோழி இறகு என்று 'ஒரிஜினல்' ஆசை. நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, அவனே உட்கார்ந்து ஆறு அம்பு செய்துவிட்டான்.

அதில் ஒரு அம்பு. முதல் ரெண்டு தடவை நல்லாத்தான் போனது. மூணாவது தடவைக்குள் ஒரு இறகின் முன்நுனி தண்டை விட்டு லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. இவன் கவனிக்கவில்லை. அவன் வைத்திருக்கும் மர வில்லில் அம்பு உட்காரத் தனியாகத் தாங்கி எதுவும் கிடையாது. வில்லைப் பிடிக்கிற கையின் விரல் மேலேயே அம்பு உட்கார்ந்து, அங்கிருந்தே உரசிக்கொண்டு கிளம்பும். தூக்கி நின்ற காம்பு பிளேடு மாதிரி விரலைக் கீறிவிட்டுப் போய்விட்டது. நல்லவேளை, தையல் போடுற அளவுக்கு ஆழம் இல்லை. காம்புத் துண்டு உள்ளே ஏறி ஒடிஞ்சிருந்தா கதையே வேற.

"இதைவிட ஸ்ட்ராங்கா ஒரு பசை சொல்லுக்கா" என்பதுதான் அவன் கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்தேன். சூப்பர் க்ளூவே விட்டுப்போச்சுன்னா அதைவிடப் பெருசா என்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். ஆனா, அந்த அம்பைக் கையில் வாங்கி, பாதி தொங்கிக்கொண்டிருந்த இறகை மெதுவாக உரித்தபோதுதான் விஷயமே புரிந்தது. இறகின் அடியில் பசை அப்படியே இருந்தது. பசைக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு படலம். அது வார்னிஷ்! பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வார்னிஷ்தான் மூங்கிலை விட்டுக் கழன்று வந்திருக்கிறது.

இறகு எதுக்கு? அதுவும் எதுக்கு இவ்வளவு அக்கறை?

அம்பின் முனை கனமானது. பின்னால் இருக்கும் இறகு காற்றைப் பிடித்து இழுக்கும். முன்னால் கனம், பின்னால் இழுவை. அதனால்தான் அம்பு தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகிறது. இறகில் இயற்கையாகவே ஒரு வளைவு உண்டு என்பதால் அம்பு சுழலவும் செய்யும். அதனால்தான் ஒரு அம்புக்கு ஒட்டும் மூணு இறகும் பறவையின் ஒரே பக்கத்து சிறகிலிருந்து வர வேண்டும். இடது சிறகு ரெண்டு, வலது சிறகு ஒண்ணு என்று கலந்து ஒட்டினால், ஒண்ணு ஒரு பக்கம் சுழற்றப் பார்க்கும், இன்னொண்ணு எதிர்ப்பக்கம்.

பிளாஸ்டிக் இறகு இருக்கும்போது நிஜ இறகு எதுக்கு என்று கேட்கலாம். நிஜ இறகு எதிலாவது பட்டால் மடங்கிக்கொடுக்கும். பிளாஸ்டிக் அப்படியில்லை, முட்டித் தள்ளும். கைமேலேயோ வில்மேலேயோ உரசிப் போகிற அம்புக்கு நிஜ இறகுதான் சரி. ஆனால், அது மடங்கும் ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் பசைக்கும் ஒரு இழுப்பு விழும். அம்பு பலகையில் குத்தி நிற்கும்போது அதிர்வு வேறு. ஆக, இந்தப் பசைக்கு வெறும் பலம் போதாது. கொஞ்சம் வளைந்துகொடுக்கவும் தெரியணும்.

இறகு கிழியும், நனையும், தேயும். மாற்றித்தான் ஆகணும். ஜென்மத்துக்கும் கழட்ட முடியாத பசையைப் போட்டால் அடுத்த தடவை இறகோடு சேர்த்துத் தண்டையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

தண்டு எது, பசை எது?

*பச்சை மரம், வெறும் மூங்கில்:* மேலே எதுவும் பூசாத தண்டு என்றால், வீட்டில் இருக்கும் ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையே போதும். நிஜமாத்தான். அது தண்ணீர் கலந்த பசை. அந்தத் தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ளும்போதுதான் இறுகும். அரை மணி நேரமாவது க்ளிப் போட்டு அசையாமல் வைக்கணும், முழுசா காய ஒரு நாள் விடணும். மைனஸ் என்னன்னா, ஈரம் பட்டால் இளகும். மழைக்காலத்தில் வெளியே எடுத்துப்போகிற அம்புக்கு இது தோதுப்படாது.

ஆனா மூங்கில்ல ஒரு சூட்சுமம் இருக்கு. அதன் வெளித்தோல் மெழுகு பூசினது மாதிரி வழவழன்னு இருக்கும். அதுமேல பசையும் ஒட்டாது, வார்னிஷும் ஒட்டாது. தம்பி சறுக்கியது இங்கேதான். உப்புத்தாள் போட்டு அந்தப் பளபளப்பை எடுக்காமல் நேரடியாக வார்னிஷ் அடித்திருக்கிறான். அதுக்கு மேல உலகத்திலேயே பெரிய பசையைத் தடவினாலும் இதே கதைதான்.

*வார்னிஷ் அடித்த தண்டு:* இங்கே உங்கள் பசை மரத்தில் ஒட்டவில்லை, வார்னிஷில் ஒட்டுகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தண்ணீரை உறிஞ்ச இங்கே மரம் இல்லை என்பதால் வெள்ளைப் பசை திணறும். விமான மாடல் செய்கிறவர்கள் பால்சா மரத்துக்குப் பயன்படுத்தும் கரைப்பான் வகைப் பசை கேள்விப்பட்டிருப்பீங்க. டியூபில் வரும், வாடை தூக்கும். மர அம்பு செய்கிறவர்கள் பல காலமாக நம்பியிருப்பது இந்த வகையைத்தான். காய்ந்த பிறகும் ஓரளவு வளைந்துகொடுக்கும், பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்க வேண்டும், பின்னால் சுரண்டி எடுக்கவும் முடியும். கவனிக்க வேண்டியது ஒண்ணு: வார்னிஷ் முழுசாகக் காயாமல் இருந்தால், இந்தக் கரைப்பான் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். எளிதில் தீப்பற்றும் சரக்கு என்பதால் அடுப்பங்கரை பக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்க.

*கார்பன், அலுமினியம்:* இதில் உறிஞ்சுவதற்கே இடமில்லை. வெள்ளைப் பசை சுத்தமா வேலைக்காகாது. கார்பன் தண்டில் பிளாஸ்டிக் இறகு ஒட்ட விற்கப்படும் பசைகளில் பல, சூப்பர் க்ளூவின் சொந்தக்காரர்கள்தான். நிஜ இறகுக்கும் அவை ஒட்டும். ஒட்டுவதற்கு முன்னால் தண்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன் பிறகு அந்த இடத்தை விரலால் தொடாமல் இருக்கணும். விரல் எண்ணெய் ஒரு தடம் போதும், அந்த இடம் மட்டும் விடும். பழைய பசையைக் கத்தியால் ஆழமாகச் சுரண்டாதீங்க, உப்புத்தாளால் அழுத்தித் தேய்க்காதீங்க. கார்பன் நார் வெட்டுப்பட்டால் அந்த அம்பு எய்யும்போது கையிலேயே உடைய வாய்ப்புண்டு. அந்தத் தூசியும் மூச்சுக்கு நல்லதில்லை.

பசையே வேண்டாம் என்கிற கட்சியும் இருக்கு. இருபக்கமும் ஒட்டுகிற மெல்லிய டேப். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்துக்கு எய்கிறார்களே, அவர்களின் அம்பில் சுருண்ட மாதிரி குட்டியாக ஒரு பிளாஸ்டிக் இறகு இருக்கும். அது டேப்பில்தான் நிற்கிறது. கழட்டுவதும் மாற்றுவதும் சுலபம்.

எபாக்சி? அம்பின் முனையை மாட்ட அருமையான சரக்கு. இறகுக்குக் கொஞ்சம் ஓவர். கனம் சேரும், அதுவும் சேரக்கூடாத பின்பக்கத்தில். பிறகு எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். க்ளூ கன் பற்றி ஒரே வரி: மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அம்பை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்க, தெரியும்.

சூப்பர் க்ளூ வில்லனா?

இல்லை. ஆனால் கோபக்காரன். 1942-ல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிபார்ப்பானுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடப்போய் இந்தப் பொருளில் போய் விழுந்தார். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் 'வேலைக்காகாது' என்று ஓரங்கட்டினார்கள். பசையாகக் கடைக்கு வந்தது 1958-ல். காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் துளி ஈரம்தான் இதை இறுக வைக்கிறது. சில நொடிகளில் பிடித்துவிடுவதால், இறகு ஒரு மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தாலும் திருத்த நேரம் கிடைக்காது. இறுகிய பிறகு மொறுமொறுப்பாகிவிடும். பக்கவாட்டில் அதிர்வு விழுந்தால் விரிசல் விடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வழிந்த சூப்பர் க்ளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீங்க. பருத்தியோடு சேர்ந்தால் வேகமாக இறுகி, தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடு கிளம்பலாம். இது தெரியாமல் பனியனில் துடைக்கிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். (நானும்தான்.) விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிங்க.

5,300 வருஷத்துக்கு முந்தைய ஐடியா

1991-ல் ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில், ஆல்ப்ஸ் பனிக்குள் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. 'ஓட்ஸி' என்று பெயர் வைத்தார்கள். வாழ்ந்தது சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பு. அவனுடைய அம்பறாத்தூணியில் 14 அம்புகள். அதில் ரெண்டுதான் வேலை முடிந்தவை. மூணு மூணு இறகு. பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கி எடுத்த தாரால் ஒட்டி, அதுக்கு மேல மெல்லிய நூலையும் சுற்றியிருந்தான். பசையை மட்டும் நம்பவில்லை மனுஷன்!

நம்ம ஊர்ப் பழைய தச்சர்கள் வஜ்ஜிரம் என்று ஒரு பசையைக் காய்ச்சுவார்கள். மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை. இதே வகைப் பசையால் உலகம் முழுக்க அம்புக்கு இறகு ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் ஈரத்தில் இளகும் பசைதான். நூல் சுற்று இருந்ததால், பசை கொஞ்சம் இளகினாலும் இறகு உடனே கழன்று விழாது.

இதைப் படித்ததும் தம்பியின் விரல்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இறகின் முன்நுனியில் நாலு சுற்று நூல் இருந்திருந்தால், பின்னால் வார்னிஷ் கழன்றிருந்தாலும் காம்பு தூக்கியிருக்காது, கையும் கிழிந்திருக்காது.

ரெண்டாவது ரவுண்டு

மிச்சமிருந்த அஞ்சு அம்பையும் உரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். மூங்கில் தோலின் பளபளப்பு போகும்வரை உப்புத்தாள். தூசியைத் துடைத்துவிட்டு, இறகு வரும் இடத்துக்கு மட்டும் வார்னிஷ் படாமல் விட்டுவிட்டோம். இறகின் காம்பை அடிப்பக்கம் தட்டையாகத் தேய்த்தோம். அது உருண்டையாக இருந்தால் தண்டில் ஒரு கோடு அளவுக்குத்தான் படும். முன்நுனியைச் சரிவாக, ஊசி மாதிரி இல்லாமல் தண்டோடு தண்டாக இழையும்படி சீவினோம்.

நேரா அம்பில் ஒட்டவில்லை. மீதியான மூங்கில் துண்டில், இதே மாதிரி தேய்த்து, ஒரு வேஸ்ட் இறகை ஒட்டி ஒரு நாள் விட்டோம். மறுநாள் பிடித்து உரித்துப் பார்த்தோம். உரிக்கும்போது இறகே கிழிந்தால் பாஸ். பசை தண்டைவிட்டுப் பட்டையாகக் கழன்றால் தண்டை இன்னும் சுத்தம் செய்யணும். பசை தண்டிலேயே தங்கி, இறகின் அடி மட்டும் வெறுமையாக வந்தால் காம்பில் எண்ணெய்ப்பசை இருக்கு, இல்லைன்னா சரியாகத் தேய்க்கவில்லை. வார்னிஷோடு வந்தால்... அது எங்களுக்கே தெரியும். எங்களுக்கு இறகு கிழிந்தது.

அப்புறம்தான் வெள்ளைப் பசை. மெல்லிசா ஒரு கோடு, அவ்வளவுதான். வழிய வழியத் தடவினால் பலம் கூடாது, காயும் நேரம்தான் கூடும். காய்ந்ததும் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு துளிப் பசை. முன்நுனியைத் தையல் நூலால் நெருக்கமாகச் சுற்றி, அந்த நூல்மேல் மட்டும் வார்னிஷ். நூல்மேல சூப்பர் க்ளூ போடலாமான்னு கேட்டான். பருத்தி நூல்டா, மேல என்ன சொன்னேன்?

போன வாரம் வகுப்புக்கு அஞ்சையும் எடுத்துப்போனான். கையில் மெல்லிய தோல் கையுறை ஒண்ணு புதுசாக ஏறியிருக்கிறது, அது அவன் அம்மா போட்ட கண்டிஷன். ஒவ்வொரு அம்பையும் நாணில் மாட்டுவதற்கு முன்னால் இறகின் முன்நுனியைக் கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பார்க்கிறான். நாப்பது தடவைக்கு மேல எய்தும் எதுவும் தூக்கவில்லையாம். ஒரு அம்பு மட்டும் காணோம். இலக்குக்குப் பின்னால் புல்லுக்குள் போய்விட்டது.

"இறகு போகலக்கா, அம்பே போயிடுச்சு" என்று மெசேஜ் அனுப்பியிருந்தான்.