18,720 கட்டில், ரூ.498 கோடி கடன்!

2021 டிசம்பர். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பெண்கள் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கொதித்துப்போன தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாகனங்கள் ஸ்தம்பித்தன.

இன்று வல்லம் வடகாலில் 13 பிளாக்குகளில் மாடி மாடியாகப் பெண்கள் விடுதி! 18,720 பேர் தங்கலாம். 2024 ஆகஸ்டு 17-ல் முதல்-அமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார்.

பணம் எங்கிருந்து?

வீடு கட்டி விற்றால் முதல் உடனே கைக்கு வரும். விடுதியில் வாடகை மாதாமாதம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் சிப்காட்டே கட்டியது. செலவு ரூ.706½ கோடி. ஸ்டேட் வங்கிக் கடன் மட்டும் ரூ.498 கோடி. மத்திய அரசு மானியமும் உண்டு. கணக்குப் போட்டால் ஒரு கட்டிலுக்கு ரூ.3¾ லட்சம்!

கம்பெனி ஓடினால் கட்டில் நிறையும். ஆள் குறைந்தால்? கட்டில் காலியாகக் கிடக்கலாம், வட்டி தூங்காது!