ஊசுட்டேரிக் கரையில் கியர் சைக்கிள் ஓட்டலாமா?

புதுச்சேரியில் மலை கிடையாது. ஆனாலும் மலைப்பாதைக்கென்றே செய்யப்பட்ட தடித்த டயர் சைக்கிள்களை ஞாயிறு விடிகாலையில் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் பார்க்க முடிகிறது. நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தார்ச்சாலை அலுத்துவிட்டது. மண்பாதை வேண்டும், காற்று வேண்டும், பக்கத்தில் தண்ணீர் தெரிய வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் ஏரிக்கரை. வில்லியனூர் கொம்யூனை ஒட்டிய ஊசுட்டேரியோ 2008 முதல் பறவைகள் சரணாலயம். ஏரியின் மறுபாதி தமிழ்நாட்டின் வானூர்ப் பக்கம் இருக்கிறது; அந்தப் பகுதியையும் தமிழக அரசு பின்னர் சரணாலயமாக அறிவித்தது. அப்படிப்பட்ட கரையில் சைக்கிளுக்கு இடம் உண்டா?

சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 27, சரணாலயத்துக்குள் யார் போகலாம் என்று சொல்கிறது. பணியிலுள்ள அரசு ஊழியர், உள்ளே நிலவுரிமை உள்ளவர், பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவர் போன்றோருக்குத் தடை இல்லை. மற்றவர்கள் அனுமதி பெற வேண்டும். ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்காகத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம் என்கிறது பிரிவு 28. நடந்து போகிறாரா, சைக்கிளில் போகிறாரா என்று இந்தப் பிரிவுகள் கேட்கவில்லை. ஆகவே ஏரியை ஒட்டிய பொதுச்சாலையில் சைக்கிள் ஓட்டுவதில் சிக்கல் இல்லை. சரணாலய எல்லைக்குள் வருகிற கரைமேட்டில் ஓட்டலாமா என்பது வனத்துறை தீர்மானிக்க வேண்டியது.

அமெரிக்கா இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறது. அங்கே 1964-ல் வந்த வனாந்தரச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வண்டிகளோடு மற்ற இயந்திரப் போக்குவரத்தையும் தடுத்தது. சைக்கிளும் அதில் அடங்கும் என்று 1984-ல் வனத்துறை விதியாகவே எழுதிவைத்தது. காலால் மிதித்து ஓட்டுவதை மோட்டாரோடு சேர்ப்பது நியாயமா என்று சைக்கிள்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். தடையைத் தளர்த்த 2017-ல் நாடாளுமன்றத்தில் மசோதாவே வந்தது; நிறைவேறவில்லை.

ஆய்வுகள் சைக்கிளைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மொன்டானா மலைப்பாதைகளில் நடத்தி 1994-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குதிரைக் குளம்பும் மனிதக் காலடியும் சைக்கிள் சக்கரத்தைவிட அதிகம் மண்ணைப் பெயர்த்தன. யூட்டா மாநிலத்தின் ஆன்டிலோப் தீவில் காட்டெருமைகளையும் மான்களையும் கவனித்து 2003-ல் வெளியான ஆய்வு, நடப்பவரைக் கண்டாலும் சைக்கிளைக் கண்டாலும் அவை ஏறக்குறைய ஒரேமாதிரிதான் மிரண்டன என்றது. விலங்கை எவ்வளவு நெருங்கலாம் என்று பார்வையாளர்கள் நினைத்தார்களோ, விலங்குகள் அதற்கு வெகு முன்பே விலகி ஓடின என்பதும் அதில் தெரிந்தது. ‘நான் ஒன்றுமே செய்யவில்லையே’ என்று நாம் ஒவ்வொருவரும் மனதார நம்பிச் சொல்வது ஏன் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் இவை காட்டிலும் புல்வெளியிலும் செய்த ஆய்வுகள். ஏரிக்கரையின் கதை வேறு. கரைமேட்டில் நிற்கிற ஆள் வானப் பின்னணியில் பளிச்சென்று தெரிவார். சாலையில் வரிசையாகப் போகிற பேருந்துகளைப் பொருட்படுத்தாத நாமக்கோழிக் கூட்டம்கூட, மேட்டில் திடீரென முளைக்கிற உருவத்தைக் கண்டு தள்ளிப் போகும். சைக்கிளோ சத்தமில்லாமலும் வேகமாகவும் வரும். நடப்பவர் ஒரு மணி நேரத்தில் கரையின் ஒரு துண்டைத்தான் தாண்டுவார். சைக்கிளில் வருபவர் கரை முழுவதும் போய்த் திரும்பிவிடலாம். கலைந்து எழுகிற ஒவ்வொரு முறையும் பறவை இரை தேடுகிற நேரத்தை இழக்கிறது, உடம்பில் சேர்த்த கொழுப்பையும் செலவழிக்கிறது. குளிர்காலம் முடிந்து வடக்கே பல்லாயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டிய வாத்துகளுக்கு அந்தக் கொழுப்புதான் கட்டுச்சோறு.

கரையும் மலைப்பாதை அல்ல, மண்ணைக் கொட்டிக் கட்டியது. அதைப் பிடித்துவைத்திருப்பது மேலே படர்ந்த புல். சக்கரங்கள் ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் போனால் புல் செத்து, தடம் பள்ளமாகும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பள்ளத்தில் ஓடி, தாழ்ந்த இடம் பார்த்துச் சரிவில் இறங்கி மண்ணை அரிக்கும். சரிவிலேயே சைக்கிளை இறக்கி பிரேக் போட்டுச் சறுக்குவது இன்னும் மோசம். இதில் கவலைப்பட வேண்டிய ஒற்றுமை ஒன்று உண்டு: பறவைகள் வந்திறங்குகிற மாதங்களில்தான் கரை ஊறிக் கிடக்கிறது, சைக்கிள் ஓட்ட இதமான குளிரும் அப்போதுதான் வருகிறது.

அதற்காக எல்லாவற்றையும் மூடிவிடு என்பதை நான் ஏற்க மாட்டேன். ராஜஸ்தானில், பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்கா உலகப் பாரம்பரிய இடம். அங்கே வாடகைச் சைக்கிளிலும் ரிக்‌ஷாவிலும்தான் பலர் பறவை பார்க்கிறார்கள். ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களே பறவைகளை அடையாளம் காட்டுகிறார்கள். அதற்கென்று வகுத்த பாதையில் வண்டி ஓடுகிறது, சதுப்புக்குள் இறங்குவதில்லை. ஊசுட்டேரிக்கும் இது பொருந்தும். சாலையிலும் வெளிப்புற அடிவாரத்திலும் சைக்கிள் ஓடட்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை கரைமேட்டில் பொழுதுபோக்குச் சைக்கிள் வேண்டாம். நீர்ப்பக்கச் சரிவில் எந்த மாதமும் வேண்டாம். மோட்டார் பைக்கைத் தடுக்காமல் சைக்கிளை மட்டும் நிறுத்துவது அநீதி. முதலில் நிறுத்த வேண்டியது மோட்டார் பைக்கைத்தான்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. கேரியரில் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவரும், மதகு பார்க்கப் போகிற விவசாயியும், வலையோடு போகிற மீனவரும் சைக்கிளில்தான் போகிறார்கள். ‘சைக்கிளுக்கு அனுமதி இல்லை’ என்று ஒற்றை வரியில் பலகை வைத்தால் காவலர் முதலில் மறிப்பது இவர்களைத்தான். ஹெல்மெட்டோடு வருகிறவர் ஆங்கிலத்தில் வாதாடித் தாண்டிவிடுவார். ஆகவே பிழைப்புக்காகப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு என்பது உத்தரவிலேயே இருக்க வேண்டும்.

பாகூர் ஏரிக்குச் சரணாலயம் என்ற சட்டக் காவலும் இல்லை. தென்பெண்ணைத் தண்ணீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து நிரப்புகிற அந்த ஏரி, புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. அந்த வட்டாரத்து வயல்களின் ஆதாரம். வலசைப் பறவைகளுக்குச் சரணாலய எல்லை தெரியாது, அங்கேயும் இறங்குகின்றன. பாகூர்க் கரைக்கான விதியை வனத்துறைக்காகக் காத்திருக்காமல் கொம்யூன் பஞ்சாயத்தும் பொதுப்பணித்துறையும் பாசன விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி எழுதலாம். சைக்கிள் குழுக்களையும் அந்தப் பேச்சுக்குக் கூப்பிட வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் பேசி முடித்தால் இந்த மழைக்கே உதவும்.