கையளவு காரும் ஐந்து மடங்கு அவசரமும்

போன மாதம் ஆபீஸ் நண்பர்களிடம் ஒரு கணக்கு சொல்லி அசத்தினேன். "என் கார் நிஜக் காரில் 28-ல் ஒரு பங்கு. மணிக்கு 20 கி.மீ. ஓடுது. 28-ஆல பெருக்கிப் பாருங்க, 560 கி.மீ.!" எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்தக் கணக்கு தப்பு. என் மகள் கோபித்துக்கொண்டு ரிமோட்டைக் கீழே வைத்திராவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

கார் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த மினி-இசட் வரிசையில் ஒன்று. நாலு ட்ரிபிள் ஏ பேட்டரி போட்டால் ஓடும். இதைவிடக் குட்டி ஒன்றும் உண்டு: டோமி நிறுவனத்தின் பிட் சார்-ஜி. ஏறக்குறைய தீப்பெட்டி சைஸ், ரிமோட்டில் செருகியே சார்ஜ் ஏற்றலாம். அதில் ஸ்டியரிங்கைத் திருப்புவது ஒரு காந்தமும் கம்பிச்சுருளும்தான். முழு இடம், நேர், முழு வலம், அவ்வளவே. நடுவில் ஒன்றும் கிடையாது. லேசாகத் திரும்ப வேண்டுமென்றால் பட்டனைத் தட்டித் தட்டி ஓட்டணும். மினி-இசட்டில் நிஜ சர்வோ இருப்பதால் கை எவ்வளவு திருப்புகிறதோ சக்கரமும் அவ்வளவு திரும்பும். அதனால் ஓட்டுவது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பதினோரு வயது மகள் ஹாலில் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் டிவி ஸ்டாண்டின் காலில் போய் மோதினாள். "முன்னாடியே திருப்பு... கவனம் பத்தல" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். கடைசியில், "எனக்குக் கை சரியில்லப்பா, நீயே ஓட்டிக்கோ" என்று உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

ஒரு வண்டி வழுக்காமல் திரும்பக்கூடிய மிகச் சிறிய ஆரம் என்ன? வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவும் புவியீர்ப்பும் சேர்ந்த பெருக்கலால் வகுத்தால் வருவது. இதில் வண்டியின் எடையும் இல்லை, அளவும் இல்லை. காரை 28 மடங்கு சுருக்கலாம். புவியீர்ப்பை யார் சுருக்குவது? அது அதே 9.8-தான். ஆக, வளைவின் ஆரம் 28 மடங்கு குறைந்தால் வேகம் 28-ன் வர்க்கமூலம், அதாவது 5.3 மடங்குதான் குறைய வேண்டும். என் காரின் 20 கி.மீ. என்பது நிஜக் காரில் சுமார் 106 கி.மீ.க்குச் சமம். 560 எல்லாம் வெறும் பேச்சு. (1870-களில் இங்கிலாந்தில் தொட்டி கட்டிக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூட் பயன்படுத்தியதும் இதே வர்க்கமூல விகிதம்தான்.)

விஷயம் இதோடு முடியவில்லை. தூரம் 28 மடங்கு குறைவு, வேகம் 5.3 மடங்குதான் குறைவு என்றால் நேரமும் 5.3 மடங்கு சுருங்குகிறது. நிஜக் காரில் ஒரு நொடியில் நடப்பது இங்கே 0.19 நொடியில் முடிந்துவிடும். ஆனால் நம் மூளை சுருங்குவதில்லை. கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். குட்டிக் காரின் உலகத்தில் அது ஒரு நொடிக்கும் மேல். அதாவது, ஸ்டியரிங் ஒரு நொடி தாமதமாகக் கேட்கும் காரை 106-ல் ஓட்டச் சொல்லிவிட்டு, "கவனம் பத்தல" என்று திட்டியிருக்கிறேன். கார் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகும் குழப்பம் வேறு.

அடுத்த நாள் தரையைச் சோதித்தேன். ஒரு பலகையில் டைல் துண்டை ஒட்டி, அதில் காரைக் குறுக்காக வைத்து மெல்லச் சாய்த்தால், எந்தக் கோணத்தில் வழுக்குகிறதோ அதன் டேன் மதிப்புதான் உராய்வுக் கெழு. டைலில் 35 டிகிரி, கெழு 0.7. குழந்தைகள் விளையாடும் ஃபோம் பாயில் 50 டிகிரி, கெழு 1.2. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால் டைலில் வளைவின் ஆரம் 1.3 மீட்டர், குறுக்களவு 2.6 மீட்டர். எங்கள் ஹாலின் அகலமே பத்தடி, அதாவது 3 மீட்டர். அதில் சோபா, டிவி ஸ்டாண்ட்! எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் மோதத்தான் செய்யும். ஃபோம் பாயில் ஆரம் 77 செ.மீ.யாகக் குறைகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் டைலிலேயே 33 செ.மீ.தான்.

பிடிப்பு அதிகமானால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. ரொம்பப் பிடித்தால் கார் வழுக்குவதற்குப் பதில் உருண்டு கவிழும். பின்சக்கர டிரைவ் மினி-இசட்டில் மோட்டார் பகுதியை முன்பகுதியோடு இணைப்பது 'டி' வடிவத் தகடு ஒன்று. அது வளைந்துகொடுப்பதே பாதி சஸ்பென்ஷன். விதவிதமான விறைப்பில் கிடைக்கும்; பாய்க்கு ஒன்று, டைலுக்கு ஒன்று என்று மாற்றிப் பார்ப்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். டைல்களுக்கு நடுவே 2 மி.மீ. மேடு இருந்தால் இந்தக் காருக்கு அது 56 மி.மீ. மேடு. இன்னொரு எதிரி தலைமுடி. பின் அச்சில் சுற்றிக்கொண்டால் வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியாது, பேட்டரி தீர்வதில்தான் தெரியும்.

அவளுக்காக மூன்று வேலை செய்தேன். ஃபோம் பாய் விரித்தேன். வாங்கிய நாளிலிருந்து தொடாத ஒரு திருகு ரிமோட்டில் இருந்தது, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பலாம் என்று குறைப்பது. அதைக் கொஞ்சம் குறைத்தேன். ட்ரிகருக்குப் பின்னால் அழிரப்பர் துண்டு ஒன்றைச் செருகினேன், முழு வேகம் போகாமல் இருக்க. அப்புறம் கணக்கைக் காட்டி, "தப்பு என் மேலதாம்மா" என்றேன். பேப்பரை நம்பாமல் ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது சுற்றிலிருந்து மோதவில்லை.

நேற்று ரிமோட்டைப் பார்த்தால் அழிரப்பரைக் காணோம். அவளேதான் எடுத்திருக்கிறாள்.